எந்த நாட்டு மார்ச், எந்த நிகழ்ச்சிக்கு? சித்தூர் தாலுகா அணிவகுப்புக் குழுக்களுக்குத் திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 அணிவகுப்பு நடத்தும் தலைமையாசிரியர்கள், பி.டி.ஏ. பொறுப்பாளர்கள், விழாக் குழுவினர், பேண்டு மாஸ்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விழா நிரலில் கொடியேற்றுபவர் பெயர் இருக்கிறது. வாழ்த்துரை சொல்பவர்கள் வரிசை இருக்கிறது. மிட்டாய் யார் உபயம் என்பதுகூட இருக்கிறது. பேண்டுக்கு மட்டும் ‘பேண்டு வாத்தியம்’ என்று ஒரே வரி. என்ன வாசிப்பது என்பதை அன்று காலையில் முதல் டிரம்பெட் பையனின் செல்போன் முடிவு செய்கிறது. இந்த வழக்கத்தை விடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். வாசிக்கப் போகும் ஒவ்வொரு மார்ச்சும் (அணிவகுத்து நடப்பதற்கான இசை) எந்த நாட்டில், எந்த ஆண்டில், எதற்காக எழுதப்பட்டது என்று விசாரித்து, பட்டியலை ஒரு மாதம் முன்பே பேண்டு மாஸ்டர் கையில் கொடுங்கள். பிறந்த நாடு தெரிந்தால்தான் அந்த மார்ச்சின் வேகம் தெரியும், எந்த வாத்தியம் இல்லாமல் அது நிற்காது என்று தெரியும், எங்கே நிறுத்தலாம், எந்த நிகழ்ச்சியில் அதைத் தொடவே கூடாது என்பதும் தெரியும்.

ராடெட்ஸ்கி மார்ச்சையே எடுத்துக்கொள்வோம். கேட்டதும் கைதட்டத் தூண்டும் மெட்டு. வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரி முடிவில் சபை முழுவதும் தட்டுவது இதற்குத்தான். எழுதியவர் மூத்த யோஹான் ஸ்ட்ராஸ். முதன்முதலில் வாசிக்கப்பட்டது 1848 ஆகஸ்ட் 31, வியன்னாவில். வட இத்தாலி அன்று ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அதை உதறிவிட்டு எழ முயன்ற இத்தாலியர்களை அந்த ஜூலையில் கஸ்டோசாவில் தோற்கடித்த தளபதி ராடெட்ஸ்கியின் புகழுக்காக எழுதப்பட்ட மார்ச் இது. இன்னொரு மக்களின் விடுதலையை அடக்கியவருக்கான மெட்டை நம் சுதந்திர நாளில் கொடிக்கம்பத்தடியில் வாசிப்பது பொருந்தவே பொருந்தாது. ஆண்டு விழாவில் கச்சேரியாக வாசியுங்கள், யாருக்கும் குறை இல்லை.

‘எரிக்கா’ விஷயம் அப்படி விட்டுக்கொடுக்கக் கூடியதல்ல. பிள்ளைகள் செல்போனில் கேட்டு ஆசைப்பட்டுப் பழகும் மெட்டு. இடையிடையே வரும் மூன்று டிரம் அடிதான் அவர்களை இழுக்கிறது. பாட்டின் சொற்கள் ஒரு பூவையும் ஒரு பெண்ணையும் பற்றியவை என்பதால் அர்த்தம் தேடிப் பார்த்தவர்களுக்கும் சந்தேகம் வராது. இதை எழுதிய ஹெர்ம்ஸ் நீல் நாஜிக் கட்சிக்காரர். 1938-ல் அச்சாகி, ஹிட்லரின் படைகள் நடந்துகொண்டே பாடிய பாட்டு இது. பள்ளி பேண்டின் பட்டியலில் இதற்கு எந்த நாளிலும் இடம் கூடாது. ஜெர்மன் மார்ச் வேண்டுமென்றால் கார்ல் டைக்கெ 1889 வாக்கில் எழுதிய ‘ஆல்டே கமராடன்’ இருக்கிறது, உலகம் முழுவதும் பேண்டுகள் வாசிப்பது.

சிறப்பு விருந்தினர் மைதானத்துக்குள் வரும்போது ‘என்ட்ரி ஆஃப் தி கிளாடியேட்டர்ஸ்’ வாசிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பெயரில் ‘என்ட்ரி’ இருப்பதால் வரவேற்புக்கு உகந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் பேண்டு மாஸ்டராக இருந்த செக் நாட்டவர் யூலியஸ் ஃபூசிக் 1897-ல் எழுதிய ராணுவ மார்ச் அது. பிறகு அமெரிக்க சர்க்கஸ் கூடாரங்களுக்குப் போய் வேகமும் கூடிவிட்டது. இன்று எவர் காதிலும் அது கோமாளி வரும் இசை. விருந்தினருக்கு அந்த மரியாதையைச் செய்ய வேண்டாம்.

‘கர்னல் போகி’யை எல்லோரும் அறிவோம். பிரிட்டிஷ் பேண்டு மாஸ்டர் எஃப்.ஜே. ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் 1914-ல் எழுதியது. கோல்ஃப் மைதானத்தில் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதற்குப் பதில் ஒருவர் இரண்டு ஸ்வரம் விசிலடித்தார், அதிலிருந்து முதல் அடி பிறந்தது என்பார்கள். சிப்பாய்கள் அதற்குக் கட்டிய சொற்களில் பல பள்ளி வளாகத்தில் சொல்லக்கூடியவை அல்ல. நடைக்கு அருமையான மார்ச்தான், அணிவகுப்பில் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் வீர மரணம் அடைந்தவர் படத்துக்கு மாலை போடும் நேரத்தில் இது வருவதைப் பல இடங்களில் கேட்கிறோம். அந்தக் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையாவது நினைக்க வேண்டும்.

இனி வேகம். அணிவகுப்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் ராணுவ நடை பிரிட்டிஷ் வழி வந்தது. தேஸ் சல், அதாவது வேக நடை, நிமிடத்துக்கு 120 அடி, ஒரு அடி 30 அங்குலம். ஸ்லோ மார்ச் சுமார் 70. ரைஃபிள் படைப்பிரிவுகள் 140-ல் போகும். பிரஷ்ய மார்ச்சுகளின் நடை 114. பிரான்ஸின் வெளிநாட்டவர் படை 88-ல் நிதானமாக நடக்கும். இத்தாலியின் பெர்சல்யேரி காலாட்படையின் பேண்டோ வாசித்துக்கொண்டே ஓடும். செல்போனில் கேட்டுப் பாடம் செய்யும் பையன் இந்த வித்தியாசம் எதுவும் அறியாமல், பதிவில் இருந்த வேகத்தை அப்படியே கொண்டுவருகிறான். போன மார்ச் 114, இந்த மார்ச் 132 என்றால் நடுவில் மாட்டிக்கொண்ட பிளட்டூன் (அணிவகுக்கும் குழு) என்ன செய்யும்? எந்த நாட்டு மார்ச்சானாலும் அணிவகுப்புக்கு ஒரே வேகம் வைக்க வேண்டும். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு 116 முதல் 120 வரை போதும். அவர்களின் அடி சுமார் 60 சென்டிமீட்டர்தான் வரும். 120-ல் நடந்தால் நிமிடத்துக்கு 72 மீட்டர். யு.பி. (5 முதல் 7-ஆம் வகுப்பு) பிள்ளைகள் இருந்தால் 110-க்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் அடி எட்டாமல் ஓட ஆரம்பிப்பார்கள், ஓட்டத்தில் வரிசை கலையும்.

தொடங்கும்போது 118-ல் இருக்கும் பேண்டு, சல்யூட் மேடை வரும்போது 130-ஐத் தொட்டுவிடுகிறது. சைடு டிரம் ரோல் (இடைவிடாத உருட்டல்) முடிந்து அடுத்த அடி எடுக்கும் இடத்தில் முந்துவதுதான் காரணம். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துளி முந்தினால், இரண்டாம் சுற்றுக்குள் அது பெரிய வித்தியாசம். பிடித்து நிறுத்த வேண்டியவர் பாஸ் டிரம்காரர். ஒத்திகையில் அவர் ஒரு காதில் மட்டும் மெட்ரோனோம் ஆப் (சீராகத் தாளம் தட்டும் செயலி) போட்டுக்கொள்ளட்டும். சைடு டிரம் அவர் கையைப் பார்த்து அடிக்கட்டும், டிரம்பெட்டைக் கேட்டு அல்ல. பாஸ் டிரம்மின் பலமான அடி எப்போதும் இடது காலுக்கு.

இன்னொரு கோளாறுக்குப் பிள்ளைகள் மேல் பழி விழுகிறது. சத்தம் ஒரு விநாடியில் போகும் தூரம் ஏறத்தாழ 340 மீட்டர். 120 வேகத்தில் ஒரு அடிக்கு அரை விநாடி. பேண்டிலிருந்து 85 மீட்டர் தள்ளி நிற்கும் பிளட்டூனுக்கு அடி கால் விநாடி தாமதமாக, அதாவது இரண்டு அடிகளுக்கு நடுவில் போய்ச் சேரும். 170 மீட்டரில் இருப்பவர்களுக்கு முழுதாக ஒரு அடி தாமதம்; பேண்டு இடது என்று அடிப்பது அவர்கள் வலது காலுக்கு வரும். பிள்ளைகள் சரியாகக் கேட்டு சரியாகவே நடக்கிறார்கள், மேடையிலிருந்து பார்க்கும்போது கடைசி வரிசை மட்டும் தப்பாகத் தெரிகிறது. பேண்டை மைதானத்தின் ஓரத்தில் ஒதுக்காமல் நடைபாதையின் நடுப்பகுதிக்கு எதிரே நிறுத்தினால் தூரம் பாதியாகும். பேண்டுக்கு மைக் வைத்து மூலையில் இருக்கும் குழாய் ஸ்பீக்கரில் விடுவது மிகப் பெரிய தப்பு. மின்சாரத்தில் வரும் சத்தம் முதலிலும் காற்றில் வரும் சத்தம் பின்னாலும் சேர்ந்து ஒரே அடி இரண்டாகக் கேட்கும். அறிவிப்புக்கு மைக் போதும், பேண்டுக்கு வேண்டாம்.

எங்கே நிறுத்துவது என்பதும் நாட்டைப் பொறுத்தது. மார்ச் என்பது பெரும்பாலும் 4 அல்லது 8 பார் (பார் என்பது இரண்டு அடி கொண்ட தாளக் கட்டம்) முன்னுரை, 16 பார் கொண்ட முதல் பகுதி, இரண்டாம் பகுதி, பிறகு டிரையோ எனப்படும் வேறு மெட்டுள்ள பகுதி என்று போகும். 16 பார் என்றால் 32 அடி, 120 வேகத்தில் 16 விநாடி. பிரிட்டிஷ், ஜெர்மன் மார்ச்சுகள் பலவற்றில் டிரையோ முடிந்ததும் திரும்ப முதலுக்குப் போய் முடிக்க வேண்டும். அமெரிக்க மார்ச்சுகள், முக்கியமாக ஜான் பிலிப் சூசா எழுதியவை, பெரும்பாலும் திரும்பிப் போகாது. டிரையோவில் ஸ்கேல் (ஸ்வர வரிசை) மாறும், நடுவில் டிராம்போனும் டிரம்பெட்டும் சண்டை போடுவதுபோல் ஒரு பகுதி வரும், டிரையோ மெட்டே உச்சத்தில் வந்து முடிந்துவிடும். ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபார்எவர்’ இ ஃபிளாட் ஸ்கேலில் தொடங்கி ஏ ஃபிளாட் ஸ்கேலில் முடிவது. பழக்க தோஷத்தில் அதை மறுபடி முதலிலிருந்து எடுத்தால் ஏறிப்போன மெட்டு சட்டென்று விழும். பிளட்டூன்கள் இன்னும் கடக்க வேண்டியிருந்தால் டிரையோவையே திரும்ப வாசியுங்கள். எந்த மார்ச்சையும் நடு வரியில் வெட்டாதீர்கள். நிறுத்தச் சைகை வந்ததும் பாஸ் டிரம் இரட்டைத் தட்டு கொடுக்க வேண்டும், அந்தப் பகுதி முடியும் பாரில் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும்.

அதே ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ 1896-ல் எழுதப்பட்டு, 1987-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டப்படி அந்நாட்டின் தேசிய மார்ச் ஆனது. அதற்கு உயிர் கடைசியில் பறக்கும் பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழல். பிக்கலோவோ, அதை ஈடுகட்டும் நல்ல கிளாரினெட்டோ இல்லாத பள்ளி இதைத் தொட வேண்டாம். மேலும் அது ஒரு நாட்டின் அதிகாரப்பூர்வ மார்ச் என்பதால் நம் குடியரசு நாள் கொடியேற்றத்துக்கு ஒட்டாது. ஜெர்மன் மார்ச்சுகளில் இரண்டாம் பகுதியில் மெட்டைக் கீழ் வாத்தியங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். யூஃபோனியமும் டியூபாவும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் டிரம் மட்டும் கேட்கும். பிரிட்டிஷ் மார்ச்சில் யூஃபோனியம் தனியாக ஒரு எதிர்மெட்டு போடும், அதை விட்டால் வெறும் எலும்புதான் மிஞ்சும்.

ஒரு பள்ளி 25 பேர் வைத்திருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: டிரம்பெட் 6, கிளாரினெட் 6, ஆல்டோ சாக்ஸ் 2, இ ஃபிளாட் ஹார்ன் 2, டிராம்போன் 2, யூஃபோனியம் 2, டியூபா 1, சைடு டிரம் 2, பாஸ் டிரம் 1, சிம்பல் 1. இப்போது பல இடங்களில் 15 டிரம்பெட்டும் டிரம்மும் மட்டுமே. எல்லோரும் மெட்டை வாசிக்கிறார்கள், எதிரடிக்கும் கீழ்ச்சுருதிக்கும் ஆள் இல்லை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள். கீபோர்டுக்கான நொட்டேஷனைப் பார்த்து வாசித்தால் முழு ஒரு ஸ்வரம் கீழே ஒலிக்கும். மெலோடிகா (ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) சேர்த்த பேண்டில் வரும் அபஸ்வரத்துக்குக் காரணம் அநேகமாக இதுதான், பிள்ளைகளின் காது அல்ல. தேவாலயங்களிலிருந்து கைமாறி வந்த மிகப் பழைய பிரிட்டிஷ் பித்தளை வாத்தியங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 1920-களின் கடைசி வரை பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் சுருதி இன்றையதை விட உயரம்; ஏ ஸ்வரம் இன்று 440 ஹெர்ட்ஸ், அன்று சுமார் 452. டியூனிங் ஸ்லைடை முழுக்க இழுத்தாலும் சில வாத்தியங்கள் கீழே இறங்காது. அவற்றை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ‘ஸ்காட்லாந்து தி பிரேவ்’ நல்லது. ஸ்காட்லாந்து பேக்பைப்பில் இருப்பதே ஒன்பது ஸ்வரம், ஆகவே உயரம் எட்டாத பிரச்சினை கிடையாது. ஆனால் பைப்பின் நொட்டேஷனில் வரும் குட்டி ஸ்வரங்களை டிரம்பெட்டில் அப்படியே போடக்கூடாது. காற்றை நிறுத்த முடியாத வாத்தியம் பைப். ஒரே ஸ்வரம் இரண்டு முறை வந்தால் பிரித்துக்காட்ட அதற்கு அந்தக் குட்டி ஸ்வரம் வேண்டும். டிரம்பெட்டில் நாக்கால் பிரிக்கலாம். இரண்டையும் செய்தால் மெட்டு குழைந்துவிடும்.

நம் கைக்கு வந்திருக்கும் பாஸ் டிரம்மும் சிம்பலும்கூட ஐரோப்பாவில் பிறந்தவை அல்ல. துருக்கியின் ஜானிசரிப் படையின் மெஹ்தர் பேண்டைக் கேட்டு 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் சேர்த்துக்கொண்டவை. ஒரு நாட்டு இசை என்று நாம் எண்ணுவதில் இன்னொரு நாடு இருக்கும். அதனால் அயல்நாட்டு மார்ச்சுகளை எல்லாம் தள்ளிவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அறிந்து வாசியுங்கள், அறிவித்து வாசியுங்கள்.

கொடியேற்றமும் அணிவகுப்பின் தொடக்கமும் முடிவும் இந்திய மார்ச்சுகளுக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கதம் கதம் படாயே ஜா’ இந்திய தேசிய ராணுவத்தின் நடைப்பாட்டு; சொற்கள் வம்சீதர் சுக்லா, மெட்டு கேப்டன் ராம் சிங் தாக்கூரி. மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் பெருந்திரளாகச் சேர்ந்த படை அது. அதன் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தாய் அம்மு சுவாமிநாதன் நம் பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரைக்காரர். இந்த இரண்டு வாக்கியத்தை அறிவிப்பாளர் சொல்லிவிட்டுப் பேண்டு தொடங்கினால் பிள்ளைகள் நடக்கும் நடையே வேறு. ‘சாரே ஜஹான் ஸே அச்சா’ இக்பால் 1904-ல் எழுதிய கவிதை. அதை நடைக்கான மார்ச்சாக அமைத்தவர் ஆன்ட்ஷர் லோபோ. பிள்ளைகளும் சேர்ந்து பாடுவதாக இருந்தால் மெட்டின் உச்ச ஸ்வரம் இ ஃபிளாட்டைத் தாண்டாத ஸ்கேலை எடுங்கள். டிரம்பெட் நொட்டேஷனில் அது எஃப்.

மாலை போடும் நேரத்துக்கு நடை மார்ச் எதுவும் வேண்டாம். குடியரசு நாள் விழாவை நிறைவு செய்யும் தில்லி பீட்டிங் ரிட்ரீட் இசை நிகழ்ச்சியில் நெடுங்காலம் வாசிக்கப்பட்ட ‘அபைட் வித் மீ’ ஆங்கிலத் துதிப்பாடல். 2022-ல் அதன் இடத்துக்கு ‘ஏ மேரே வதன் கே லோகோ’ வந்தது. இரண்டில் எதை மெதுவாக வாசித்தாலும் பொருந்தும். ‘லாஸ்ட் போஸ்ட்’ பிரிட்டிஷ் பியூகிள் (வால்வு இல்லாத ஊதுகொம்பு) அழைப்பு. பியூகிள் இல்லாவிட்டால் பி ஃபிளாட் டிரம்பெட்டில் வால்வு எதையும் அழுத்தாமல் உதட்டால் மட்டுமே வாசிக்கலாம், ஸ்வரங்கள் அப்படியே கிடைக்கும். ஒருவர் மட்டும் வாசிக்க வேண்டும். பரிசளிப்புக்கு சூசாவின் ‘வாஷிங்டன் போஸ்ட்’டை விடப் பொருத்தமானது இல்லை. 1889-ல் அதே பெயருள்ள பத்திரிகை நடத்திய கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு விழாவுக்காகவே எழுதப்பட்டது. ஆறு-எட்டுத் தாளத்தில் துள்ளுவதால் புதிதாக நடை பழகும் பிள்ளைகளின் தோள் ஆடும். நடைக்கு வேண்டாம், மேடைக்கு வையுங்கள்.

ஜன கண மன பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1854-ல் கிரிமியப் போரின்போது இஸ்தான்புல் அருகிலுள்ள ஸ்கூட்டாரியில், விக்டோரியா ராணியின் பிறந்தநாள் அணிவகுப்பில் பிரிட்டிஷ் பேண்டுகள் தங்கள் தேசிய கீதத்தையே ஆளுக்கொரு ஸ்கேலில், ஆளுக்கொரு அமைப்பில் ஒரே நேரத்தில் வாசித்தன. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1857-ல் லண்டன் அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளி தொடங்கினார்கள். மூன்று பள்ளி பேண்டுகள் சேர்ந்து நிற்கும் நம் மைதானங்களிலும் அதுவே நடக்கிறது. ஒரே பிரதி, ஒரே ஸ்கேல் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். முழு கீதம் ஏறத்தாழ 52 விநாடி. உள்துறை அமைச்சக விதிப்படி, பேண்டு வாசிக்கும்போது கீதம் வரப்போவதை அறிவிக்க முதலில் டிரம் ரோல் வர வேண்டும். தேசிய சல்யூட் போல வேறு அறிகுறி இருந்தால் மட்டுமே அது தேவையில்லை. ரோலின் நீளம் ஸ்லோ மார்ச்சில் ஏழு அடி. மெல்லத் தொடங்கி, முழு முழக்கத்துக்கு ஏறி, திரும்ப மெல்லத் தணிந்து, ஏழாம் அடி வரை காதில் விழ வேண்டும். பிறகு ஒரு அடி மௌனம். அதன்பின் கீதம். பல பேண்டுகள் அந்த ஒரு அடி மௌனத்தை விட்டுவிடுவதால்தான் முதல் ‘ஜன’ சிதறுகிறது.

ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். காகிதத்தைக் கையில் வைத்து வாசிக்க முடியாது. உள்ளங்கை அகல அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வாத்தியத்தின் கிளிப்பில் மாட்டுங்கள். பேண்டு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். ஆகஸ்டில் மழை ஈரத்துக்குத் தோல் டிரம் தொய்ந்துவிடும், பிளாஸ்டிக் தோல் நல்லது.

நொட்டேஷனுக்குச் செலவு குறைவு. ஸ்ட்ராஸ், சூசா, ஃபூசிக், டைக்கெ, ரிக்கெட்ஸ் எல்லோரும் இறந்து 60 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அவர்கள் எழுதிய மூல மார்ச்சுகளுக்கு இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. புதிதாகச் செய்த அமைப்புகளுக்கு மட்டும் உரிமை கேட்க வேண்டும்.

நிரலில் பேண்டுக்கான வரி இப்படி இருந்தால் போதும்: ‘வாஷிங்டன் போஸ்ட். ஜான் பிலிப் சூசா, அமெரிக்கா, 1889. பரிசளிப்பின்போது.’ தமிழிலும் மலையாளத்திலும் அச்சடியுங்கள். ஆகஸ்ட் விழாவுக்கான பட்டியல் ஜூலை முதல் வாரத்திலும், ஜனவரி விழாவுக்கானது கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பும் பேண்டு மாஸ்டரிடம் போய்ச் சேர வேண்டும். கடைசி இரண்டு ஒத்திகை அதே மைதானத்தில், அதே இடத்தில் பேண்டை நிறுத்தி நடக்க வேண்டும். மார்ச்சின் பெயர் மட்டும் தெரிந்து மற்றது தெரியாவிட்டால் எங்களிடம் கொடுங்கள். நாடு, ஆண்டு, வேகம், உங்கள் பள்ளியில் இருக்கும் வாத்தியங்களுக்கேற்ற பார்ட் (தனித்தனி நொட்டேஷன்) எல்லாம் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவில் பேண்டு வாசிப்பவர்களும் கற்றுக்கொடுப்பவர்களும்